பிரேக் அக்கா பேசாமல் இருந்த நேரம்

பிரேக் அக்கா அன்றைக்குக் கொஞ்ச நேரம் வாய் திறக்காமல் இருந்ததற்குக் காரணம் ஒரு பல் டாக்டர். இதை அவள் பிற்பாடு எத்தனையோ பேரிடம் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தாள். கேட்டவர்கள் எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். நம்பியவர் ஒருவரும் இல்லை.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவள். பயிற்சி வண்டியில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். அவள் அதைச் சமயத்தில் மிதித்ததால் உயிர் பிழைத்த நாய்களும் நிமிர்ந்து நிற்கும் விளக்குக் கம்பங்களும் அந்த வட்டாரத்தில் ஏராளம். பெயர் அப்படி வந்தது. அதற்கு முன்னால், இளவயதில், அவள் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்தாள். முன்னால் நின்று பாடுகிறவள் அல்ல. பின்னால் நின்று 'ஆ' என்றும் 'ஓ' என்றும் இழுக்கிறவள். குழுவை நடத்தியவரை அப்போதும் இப்போதும் கிட்டார் அண்ணன் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். குழு கலைந்து, டிரம்ஸ் வாசித்தவர் காலமாகி, மேடைச் சட்டைகள் எல்லாம் துடைக்கிற துணியாகிப் போன பிறகும் அவர்களுடைய ஒரு பாட்டு மட்டும் சாகவில்லை. 'கடைசி பஸ்ஸும் போயாச்சு' என்று ஆரம்பிக்கும் அந்தப் பாட்டு கல்யாண வீடுகளிலும், அலுவலகப் பிரிவு உபசாரங்களிலும், சில கட்டடங்களில் லிப்டுக்குள்ளும் இன்னமும் கேட்கும்.

வெகுஜன இசையின் வரலாற்றை ஏழு பகுதிகளாகச் சொல்லும் ஓர் ஆவணத் தொடர் எடுக்கிறோம் என்று ஒரு பெண் இயக்குநர் வந்தார். தொடருக்குப் பெயர் 'பாட்டு நடந்த பாதை'. பயிற்சிப் பள்ளியின் அலுவலக அறையில் விளக்குகளை நிறுத்தி, அக்காவின் முகத்தில் பவுடரைப் போட்டு, கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். நடுவில் ஒரு கேள்வி: "கடைசி பஸ் பாட்டுக்கு மெட்டுப் போட்டது யாரு?"

அந்த நேரம் பார்த்து வெளியே, அவளிடம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த பல் டாக்டர் பயிற்சி வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். ஊரார் வாய்க்குள் கையை விட்டுப் பதறாமல் வேலை செய்கிற மனிதர், ரிவர்ஸ் கியர் என்றால் மட்டும் வியர்த்துப்போவார். இரும்பு கேட்டுக்கு அந்த வாரம்தான் பெயிண்ட் அடித்திருந்தது. என்ஜின் உறுமுகிற சத்தம், சரளைக்கல் நொறுங்குகிற சத்தம், அப்புறம் வர வேண்டிய அந்த ஒரு சத்தம். அக்கா அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். சத்தம் வரவில்லை. வண்டி நின்றுவிட்டது. அப்பாடா என்று அவள் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போயிற்று. பிறகு கேமராவைப் பார்த்து, "கிட்டார் அண்ணன்தான். வேற யாரு?" என்றாள்.

நடந்தது இவ்வளவுதான்.

தொடர் வெளியானது. அக்காவின் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பொதுவாக அவர் எதையும் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். நான்காம் பகுதியைப் பார்த்து முடித்ததும் உன் தலைமுடி நன்றாக இருந்தது என்றார். மற்றபடி அந்த வாரம் அமைதியாகவே போயிற்று.

அடுத்த வாரம் ஒரு வார இதழில் மதிப்புரை வந்தது. எழுதியவர் வெகுஜன இசைத் திறனாய்வுப் பேரவையின் செயலாளர். அந்தப் பேரவையைப் பற்றி அக்கா அதுவரை கேள்விப்பட்டதில்லை. ஆனால் எந்தப் பாட்டு யாருடையது, எது அசல், எது நகல் என்று பேரவை சொல்வதைத்தான் ஒலிக் காப்பகம் பதிந்துகொள்ளும், வானொலி அறிவிக்கும், இசைப் பள்ளிகள் பாடமாக வைக்கும். மதிப்புரையின் தலைப்பு 'அவர் ஏன் மௌனமானார்?' தொடரைப் பற்றி அதில் ஒரு வாக்கியம் இருந்தது. மீதி எல்லாம் அக்காவின் வாயைப் பற்றி. ஒரு எளிய கேள்விக்கு எளிய பதில் இருக்கும்போது ஒரு பெண்மணி இவ்வளவு நேரம் பேசாதிருக்க வேண்டிய அவசியம் என்ன, அந்த மௌனத்துக்கு அடியில் யாருடைய மெட்டு புதைந்துகிடக்கிறது என்று கேட்டு முடித்திருந்தார்.

அப்புறம் மடை திறந்துகொண்டது. இன்னொரு திறனாய்வாளர் அந்தச் சிரிப்பை எடுத்துக்கொண்டு, அது கசப்பான சிரிப்பு என்று நிறுவினார். வேறொருவர், அக்காவுக்குப் பின்னால் சுவரில் தொங்கிய காலண்டர் போன மாதத்தையே காட்டிக்கொண்டிருப்பதைச் சுட்டி, கடந்த காலத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லும் சைகை இது என்றார். மூன்றாமவர் ஒரு படி மேலே போனார். கேள்வி கேட்கப்படுவதற்கு முன்பும் அக்கா பேசவில்லை என்பதை அவர் கண்டுபிடித்தார். ஆகவே மௌனம் கேள்விக்கு முந்தையது, கேள்வி பாதியில் வந்து சேர்ந்தது என்பது அவர் கட்சி. இதை ஒட்டியும் வெட்டியும் கட்டுரைகள் வந்தன. ஏழு பகுதித் தொடரில் மற்ற ஆறேமுக்கால் பகுதியைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

அக்காவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வீட்டுக்காரர் அந்தக் கட்டுரைகளைக் கடைக்கு எடுத்துப்போய், கண் பரிசோதிக்க வந்தவர்களிடம் அதையே கொடுத்து வாசிக்கச் சொன்னார் என்று கேள்விப்பட்டபோதும் சிரித்தாள். ஆனால் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, குரலைத் தணித்துக் கேட்டார்.

"எங்கிட்ட மட்டும் சொல்லு. யாரு போட்டது?"

"கிட்டார் அண்ணன்தாங்க."

"சரி" என்றார் அவர். அந்தச் 'சரி' அக்காவுக்குப் பிடிக்கவில்லை. எத்தனையோ வருஷமாக அவர் சொல்லிவந்த 'சரி'களில் அது சேர்த்தியில்லை.

ஒரு வார்த்தை விளக்கிச் சொன்னால் தீர்ந்துவிடும் என்று நினைத்து அவள் பேரவைச் செயலாளருக்குப் போன் போட்டாள். பல் டாக்டர், ரிவர்ஸ் கியர், கேட்டு, பெயிண்ட் என்று வரிசையாகச் சொன்னாள். அவர் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. கடைசியில் மிகுந்த நன்றி தெரிவித்தார். அடுத்த இதழில் 'அவர் ஏன் விளக்கினார்?' என்று கட்டுரை வந்தது. ஒன்றுமில்லாத மௌனத்துக்கு யாராவது இத்தனை விவரமாகக் காரணம் சொல்வார்களா, அதிலும் பெயிண்ட் அடித்த வாரம் வரைக்கும் நினைவு வைத்துக்கொண்டு? இயக்குநரையாவது கேட்போம் என்று அவரைக் கூப்பிட்டால், தொடரைப் பார்ப்பவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது, தயவுசெய்து கொஞ்ச நாள் எதையும் தெளிவுபடுத்திவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்.

அதன் பிறகு கிட்டார் அண்ணனின் மகள் போன் செய்தாள். அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை, கிட்டாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார், வீட்டுக்கு வந்து கற்றுக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பெற்றவர்கள் அனுப்புவதில்லை என்றாள். "திருட்டு மெட்டுக்காரர்னு சொல்றாங்களாம் அத்தை. நீங்க கொஞ்சம் வந்து பேசுங்க."

அக்கா அன்று சாயங்கால வகுப்பை ரத்து செய்துவிட்டுப் போனாள். அண்ணன் குடியிருப்பது மூன்றாம் மாடியில். ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் யார் வந்தாலும் அவர் விரல்கள் நாற்காலிக் கையின் மேல் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். இப்போது இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தார். அக்கா நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன். நெசமாவே வண்டிச் சத்தத்தைத்தான் கேட்டுட்டிருந்தியா?"

"என்னண்ணா நீங்களும்?"

"இல்ல, எல்லாக் கட்டுரையும் படிச்சேன். நல்லா எழுதறாங்க. போன மாசம் வரைக்கும் நான்தான் மெட்டுப் போட்டேன். இப்ப அவ்வளவு நிச்சயமாச் சொல்ல முடியல. டிரம்ஸ்காரன் ஏதாவது முணுமுணுத்து, நான் அதை எடுத்துக்கிட்டேனோ? பஸ் ஸ்டாண்டுல யாராவது பாடிக் கேட்டிருப்பேனோ? அப்படியெல்லாம் தோணுது."

அக்கா அங்கேயே முடிவு பண்ணினாள். நேரில் போய்ச் சொல்லிவிடுவது. ஆனால் அவள் போவதற்கு முன் பேரவையே அவளை அழைத்தது. உண்மை அறியும் அமர்வாம். சாட்சி இருந்தால் கூட்டி வரலாமாம். அக்கா பல் டாக்டரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பேரவைக் கூடத்தில் நீளமான மேஜை போட்டிருந்தது. சுவரில் முன்னாள் தலைவர்களின் படங்கள். ஒவ்வொருவரும் பக்கத்துப் படத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடைக்கு மேலே 'ஐயப்படு' என்று பொன் எழுத்தில் எழுதியிருந்தது. உறுப்பினர்கள் வந்து அவரவர் நாற்காலியை அசைத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். தேநீர் வந்தது. யாராவது முதலில் குடிக்கட்டும் என்று எல்லாரும் காத்திருந்ததில் ஆடை படிந்து ஆறிப்போயிற்று. சென்ற கூட்டத்தின் நடவடிக்கைகள் வாசிக்கப்பட்டு, ஏகமனதாகச் சந்தேகிக்கப்பட்டன. இதெல்லாம் வழக்கமான நடைமுறைதான் என்று பக்கத்தில் இருந்த ஒருவர் அக்காவிடம் சொன்னார். சொல்லிவிட்டு, தான் ஏன் இவளிடம் இதைச் சொன்னோம் என்பதுபோல் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

தலைவர் எழுந்தார். வெள்ளைத் தாடியும் மிக மெதுவான குரலும் உடையவர்.

"அம்மா, நீங்கள் உண்மை பேசுகிறவர் என்பதில் இந்த அவையில் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. எங்களை உறுத்துவதே அதுதான். இத்தனை ஆண்டுகளில் இந்த மண்டபத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு மனிதர் வந்து நின்றதில்லை. உங்களை யார் இப்படித் தயார் செய்தார்கள்?"

யாரும் தயார் செய்யவில்லை என்று அக்கா சொன்னாள். அவர் அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். அடுத்தபடியாகச் செயலாளர் பேசினார். தொடரின் நான்காம் பகுதியை இங்கேயே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாமே, வண்டிச் சத்தம் லேசாகக் கேட்கும் என்று அக்கா கேட்டதற்குத்தான் அவர் பதில் சொன்னார்.

"போட்டுப் பார்ப்பது எங்கள் மரபல்ல. நான் அந்தத் தொடரைப் பார்க்கவில்லை என்பதை இங்கே பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். பார்த்தவர்கள் எல்லாரும் ரசித்துவிடுகிறார்கள். ரசித்தபின் சந்தேகப்படுவது எப்படி? என் மைத்துனர் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார். நடுவில் ஓர் அம்மா பேசாமல் இருந்தார் என்று சொன்னார். ஒரு திறனாய்வாளனுக்கு அது போதும்."

மேஜை தட்டப்பட்டது. தாங்களும் பார்க்கவில்லை என்று மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தெரிவித்துக்கொண்டார்கள். முதல் பகுதியில் கொஞ்சம் பார்த்துவிட்டதாக ஒருவர் மட்டும் தலைகுனிந்து ஒப்புக்கொண்டார். அவரைக் கடைசி வரிசைக்கு மாற்றினார்கள்.

பிறகு பல் டாக்டரின் முறை. பாவம், அவர் மேடைக்குப் போகும்போதே கியர் மாற்றுகிறவர்போல் தடுமாறினார். அன்று வண்டியைப் பின்னால் எடுத்தீர்களா என்று தலைவர் கேட்டார். எடுத்தேன் என்றார். தாங்களாகவே எடுத்தீர்களா, அல்லது யாராவது சொல்லி எடுத்தீர்களா என்று கேட்டார்.

"அக்காதான் பின்னாடி எடுக்கச் சொன்னாங்க" என்றார் பல் டாக்டர்.

கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு ஓடிற்று. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள் வேறு என்ன சொல்வாள் என்று அக்கா கேட்டுப் பார்த்தாள். அவள் குரல் அந்தப் பெருமூச்சில் அமுங்கிப்போயிற்று. கீழே இறங்கி வந்த பல் டாக்டர், "நெசமாவே எதுக்குக்கா அன்னைக்கு என்னைப் பின்னாடி எடுக்கச் சொன்னீங்க?" என்று அவள் காதோரம் கேட்டார். அதற்குப் பிறகு அவர் வகுப்புக்கு வரவில்லை.

கள ஆய்வு செய்யாமல் பேரவை முடிவெடுக்காது. அடுத்த வாரம் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் எல்லாரும் பயிற்சிப் பள்ளிக்கு வந்து இறங்கினார்கள். அலுவலக அறைக்குள் உட்கார்ந்தால் வெளியே ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்கிறதா என்று சோதிக்க வேண்டுமாம். பழகிய ஆள் ஓட்டினால் ஒத்திகையாகிவிடும் என்று செயலாளரே ஓட்டுவதாக ஏற்பாடு. அவருக்கு ஓட்டத் தெரியாது. அதுதான் நடுநிலை என்றார்கள்.

அக்கா ஜன்னல் வழியாகக் குனிந்து அவருக்குப் பொறுமையாகச் சொன்னாள். இது கிளட்ச், இது ஆக்சிலரேட்டர், நடுவில் இருப்பது பிரேக், எது நடந்தாலும் நடுவில் இருப்பதை மட்டும் மிதியுங்கள், மற்றதில் காலை வைக்காதீர்கள். செயலாளர் அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். இந்தம்மா ஏன் இதை இவ்வளவு வற்புறுத்துகிறார் என்ற கேள்வி அவர் நெற்றியில் அப்பட்டமாகத் தெரிந்தது.

உள்ளே தலைவர் அக்காவின் நாற்காலியில் கண்ணை மூடி அமர்ந்திருந்தார். அக்கா அவருக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். "சூடா இருக்குங்க ஐயா, பாத்து." தலைவர் ஒரு கண்ணைத் திறந்து அவளையும் காபியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, யாரை ஏமாற்றப் பார்க்கிறாய் என்பதுபோல ஒரே மடக்காக வாயில் ஊற்றிக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர் வந்த அதே நேரத்தில் வெளியே என்ஜின் அலறியது. சரளைக்கல் பறந்தது. அக்கா அன்றைக்குக் காத்திருந்து வராமல்போன சத்தம் இன்றைக்கு வந்தது. கேட்டு ஒரு பக்கம் சாய்ந்து, வண்டி அதன் மேல் ஏறி நின்றது. செயலாளருக்கு ஒன்றும் ஆகவில்லை. "அவர் சொன்னதைச் செய்யாததால் உயிர் தப்பினேன்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்.

தலைவர் வெந்த நாக்கோடு தீர்ப்பின் முன்வரைவைச் சொன்னார். வண்டிச் சத்தம் தெளிவாகக் கேட்கிறது. ஆகவே மறைப்பதற்கு மிகவும் பொருத்தமான சத்தம்தான் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. இனி அந்தப் பாட்டுக்கு 'மெட்டு: மறைக்கப்பட்டவர்' என்று போட வேண்டும். கிட்டார்காரருக்குத் தன் தரப்பைச் சொல்ல ஒரு வாய்ப்புத் தரப்படும்; அதற்குப் பின் தீர்ப்பு இறுதியாகும்.

அவர்கள் போன பிறகு அக்கா சாய்ந்துகிடந்த கேட்டின் பக்கத்தில் நின்றாள். அழுகை வரும்போல் இருந்தது. பிரேக் என்றால் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறான். சூடு என்றால் மடமடவென்று குடிக்கிறான். இவர்களிடம் என்னத்தைச் சொல்லி என்னத்தை நம்பவைப்பது என்று மனசுக்குள் பொருமிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். பிறகு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

அவள் சொன்னதை அண்ணன் கடைசி வரை கேட்டார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்தார்.

"என் புள்ளையை என் புள்ள இல்லன்னு என் வாயால சொல்லச் சொல்றியா?"

"சொன்னாத்தாண்ணா திருப்பிக் குடுப்பாங்க."

"எனக்கு வேண்டாம். அந்தப் பாட்டே வேண்டாம். எங்கயோ போகட்டும்."

அக்கா அவரை வற்புறுத்தவில்லை. அவர் மகள் உள்ளேயிருந்து வந்து கட்டிலுக்கு அடியிலிருந்த கிட்டாரை இழுத்தாள். உறையின் மேல் தூசி படிந்திருந்தது. புடவைத் தலைப்பால் அதைத் துடைத்தாள். ஒன்றும் சொல்லாமல் அதை மறுபடி உள்ளே தள்ளிவிட்டுப் போய்விட்டாள். அண்ணன் வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அமர்வு என்றைக்கு என்று கடைசியில் கேட்டார்.

அன்றைக்கு மண்டபம் நிறைந்திருந்தது. நாளிதழ்க்காரர்கள் வந்திருந்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர்கூடக் கடையை மூடிவிட்டு வந்து, அக்காவையும் அண்ணனையும் சேர்த்துப் பார்க்க வசதியான ஒரு இடத்தில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் மேடை ஏறினார். எத்தனையோ மேடை ஏறியவர்தான். ஆனாலும் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றார். அந்த மெட்டைத் தாங்கள்தான் அமைத்தீர்களா என்று தலைவர் கேட்டார்.

"இல்லீங்க" என்றார் அண்ணன். "நான் போடல."

தலைவர் தாடியைத் தடவிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது. செயலாளர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"நீங்கள் போடவில்லை என்றால், இத்தனை காலம் உங்கள் பெயரில் வந்தபோது ஏன் சும்மா இருந்தீர்கள்?"

"யாரும் கேக்கலைங்க."

"இப்போது மட்டும் ஏன் மறுக்கிறீர்கள்?"

"கேட்டீங்க, சொல்றேன்."

"கவனியுங்கள்" என்று தலைவர் அவையின் பக்கம் திரும்பினார். நாக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை. ஆனால் குரலில் என்றுமில்லாத உற்சாகம். "திருடியவன் தன்னுடையது என்று சாதிப்பான். இவர் தன்னுடையது இல்லை என்கிறார். தன்னுடையது இல்லை என்று சொல்ல உலகத்தில் யாருக்கு உரிமை இருக்கிறது? அது யாருடையதோ அவருக்கு மட்டும்தான். ஐயா, நீங்கள் எங்களிடம் எதையோ மறைக்கிறீர்கள். நீங்கள்தான் அதைப் போட்டீர்கள்."

இல்லவே இல்லை என்றார் அண்ணன். அவர்கள் விடவில்லை. கெஞ்சினார்கள். ஒப்புக்கொள்ளுங்கள் என்று ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவர்கள் கெஞ்சக் கெஞ்ச அண்ணனுக்குத் தெம்பு வந்தது. தொடைப் பக்கம் ஒட்டியிருந்த கை பிரிந்து ஒலிபெருக்கிக் கம்பத்தைப் பிடித்தது. தனக்கு மெட்டுப் போடவே வராது என்றார். கிட்டாரை ஒரு அலங்காரத்துக்குத்தான் மாட்டிக்கொண்டு நின்றதாகச் சொன்னார். யாரோ பஸ்ஸில் சீட்டுப் பிடிக்கிற அவசரத்தில் முணுமுணுத்தது காதில் விழுந்தது, அதுதான் பாட்டு என்றார். ஒவ்வொரு மறுப்புக்கும் உறுப்பினர்கள் மேஜையைத் தட்டினார்கள். கடைசி வரிசைக்கு மாற்றப்பட்டவர் உணர்ச்சிவசப்பட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டது. மெட்டு கிட்டார் அண்ணனுடையது என்பதில், அவர் எவ்வளவு மறுத்தாலும், ஐயமில்லை. 'ஐயமில்லை' என்ற சொல் பேரவையின் தீர்ப்பில் வருவது அதுவே முதல் தடவை என்று நாளிதழ்கள் எழுதின.

செயலாளரின் கட்டுரைக்கு இந்த முறை 'அவர் ஏன் மறுத்தார்?' என்று தலைப்பு. தன்னடக்கத்தின் பின்னால் ஒளிந்துகொண்டிருந்த ஒரு படைப்பாளியைப் பேரவை வலுக்கட்டாயமாக வெளியே இழுத்து வந்த வரலாறு அது. கேட்டைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. அக்கா தன் செலவில் அதை நிமிர்த்தி மாட்டிக்கொண்டாள். வீட்டுக்காரர் கட்டுரையை இரண்டு கண்ணாடி மாற்றிப் போட்டுப் படித்துவிட்டு, "அப்ப அவருதானா" என்றார். ஆமாம் என்றாள் அக்கா. "நீ முதல்லயே சொன்னே, இல்ல?" என்று கேட்டுவிட்டு அவர் மேற்கொண்டு சாப்பிட்டார். ஆனால் முன்பு அவள் வெளியே கிளம்பும்போது எங்கே என்று கேட்கும் வழக்கம் அவருக்கு இருந்ததில்லை, இப்போது கேட்கிறார்.

பிள்ளைகள் கிட்டார் கற்றுக்கொள்ளத் திரும்ப வர ஆரம்பித்தார்கள். முன்பைவிட அதிகமாகவே வந்தார்கள். ஒரு மத்தியானம் அண்ணன் புதுக் கம்பிகள் வாங்க வேண்டும் என்றார். அக்கா பயிற்சி வண்டியில் கூட்டிப்போனாள். வாங்கித் திரும்பும்போது வண்டியிலிருந்த வானொலியில் அறிவிப்பாளர் பெண் நல்ல தெளிவான குரலில் சொன்னாள்: "அடுத்து, கடைசி பஸ்ஸும் போயாச்சு. மெட்டு, கிட்டார் அண்ணன். அவர் மறுத்துள்ளார்."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அக்கா பார்த்து ரொம்ப நாளாயிற்று. அவளும் சிரித்தாள். எப்படியோ பெயர் வந்துவிட்டதல்லவா, வால் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். சிக்னலில் வண்டி நின்றது. பாட்டு ஆரம்பமாயிற்று. மேளம், அதன் மேல் அவருடைய கிட்டார், அதற்கும் பின்னால் எங்கோ தூரத்தில் அக்காவின் இளவயதுக் குரல். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, கம்பிப் பொட்டலத்தின் மேல் விரலால் தட்டியபடி கூடவே முனகினார்.

முதல் அடி சரியாகப் போயிற்று. இரண்டாம் அடியில் பாட்டு மேலே ஏறும் இடத்தில் அவர் கீழே இறங்கினார். வானொலி ஒரு பக்கம் போக, அவர் ஒரு பக்கம் போனார். தப்பாகப் பாடுகிறோம் என்ற எண்ணமே அவர் முகத்தில் இல்லை.

அவர் எப்போதும் அந்த இடத்தை அப்படித்தான் பாடுவார் என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒத்திகைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். எப்போதுமா? வயசாகிவிட்டது, குரல் ஏறாது, அதனால் இறங்கியிருப்பார். கிட்டாரில் வாசிக்கும்போது சரியாகத்தானே வாசித்தார். வாசித்தாரா, அல்லது அந்த இடத்தில் எப்போதும் டிரம்ஸ்காரர்தான் எடுத்துக் கொடுப்பாரா?

தலையைத் திருப்பி அவரைப் பார்க்கக் கூடாது என்று அக்கா கண்ணாடிக்கு வெளியே பார்வையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பச்சை விழுந்து எவ்வளவு நேரமாயிற்றோ, பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.